கீழைத்திசை ஆடலில் இடமும் வலமும்



நான் பணியாற்றும் பாடசாலையில் உயர்தர வகுப்பில் நடனத்தை ஒரு பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி, சில காலத்துக்கு முன்னர், ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்றுக்குப் பொருள் தெரிந்துகொண்டு என் அறைக்கு வந்தாள். எகிப்து நாட்டு ஆடலைப் பற்றி எழுத விரும்புவதாகக் கூறினாள். எந்த ஆடல் என வினவினேன். மேனாட்டார் அதற்கு இட்ட பெயரைச் சொன்னாள். "வயிற்று நடனம்" என்று நம்மவர் மொழிபெயர்த்து, மொழிபெயர்க்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே ஆடல்தான். வேறு பொருள் பார்க்குமாறு கூறி அவளை அனுப்பிவிட்டேன். வாயிலைக் கடக்குமுன் அவள் திரும்பி நின்று, "சேர், நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

பணிவாகத்தான் கேட்டாள். ஆயினும் அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நான் பார்த்திருந்தவையெல்லாம் நம் திரைப்படங்களிற் கள்வர் குகையிலும் கொடியோன் மாளிகையிலும் நடைபெறும் ஆட்டங்கள். அவற்றைக் கொண்டு எகிப்தியர் ஆடலை மதிப்பிடுவது, தெருக்கூத்துப் பார்த்திராத ஒருவன் சர்க்கஸ் கோமாளியைக் கண்டு கூத்தின் கட்டியங்காரனுக்குப் புள்ளி போடுவதை ஒக்கும். அன்று மாலையே அம்மாணவியையும் எங்கள் நடன ஆசிரியையையும் அழைத்து, 1940களிலும் 1950களிலும் கெய்ரோ நகரில் எடுக்கப்பெற்ற திரைப்படங்களின் ஆடற்பகுதிகள் சிலவற்றை மூவருமாக இருந்து பார்த்தோம்.

பார்த்து முடிந்ததும் நடன ஆசிரியை கூறிய சொல்லே இன்றைய பேச்சுக்குக் கருவாயிற்று. "ஆபாசம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் தென்படவில்லை. ஆனால் அங்கசுத்தம் போதாது. வலப்புறம் செய்ததை இடப்புறம் செய்யவேயில்லை. ஒரு பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்" என்றார். பரதத்திலே அடவு ஒவ்வொன்றையும் முதலில் வலத்திலும் பின்னர் இடத்திலும் ஒப்பச் செய்து பழகியவர் அவர். அவ்வாறு அவர் கூறியதில் வியப்பில்லை. நானும் அதை ஒப்புக்கொண்டேன். அந்த ஒப்புதல் சரியானதா என்பதை ஆராய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு மொழியில் இவ்வாடலுக்கு வயிற்றோடு தொடர்புடைய பெயர் இல்லை. "ரக்ஸ் ஷர்கி" என்பார்கள். கீழைத்திசை ஆடல் என்பது பொருள். அரங்கிலே, இசைக்குழுவோடு ஆடுவது அது. வீட்டிலும் மணவிழாவிலும் ஊரார் ஆடுவதை "ரக்ஸ் பலதி" என்பர். நாட்டார் ஆடல், ஊராட்டம் என்று நாம் சொல்லலாம். வயிற்றைச் சுட்டும் பெயரைத் தந்தோர் பிரெஞ்சுக்காரர். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே "கெய்ரோ வீதி" என்ற பெயரில் அமைக்கப்பெற்ற காட்சியிடம் அப்பெயரை ஆங்கில உலகெங்கும் பரப்பிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எகிப்திலே தொழில்முறை ஆடுநர் தம் வயிற்றை வலைத்துணியாலேனும் மறைத்தல் வேண்டும் என்ற விதி 1950களிலிருந்து வந்திருக்கிறது. வயிற்றின் பெயரால் உலகம் அழைக்கும் ஆடலில், அது பிறந்த நாட்டிலே, வயிறுதான் மறைக்கப்பட்ட உறுப்பு.

உண்மையில் இவ்வாடலின் நிலைக்களம் இடுப்பு. இடுப்பின் அசைவுகளைக் கூர்ந்து நோக்கினால், இடம், வலம் என்ற கேள்விக்கு அவை மூன்று வகையாக விடை சொல்வதைக் காணலாம்.

உடலின் நடுக்கோட்டிலேயே நிகழும் அசைவுகள் சில. மார்பிலிருந்து வயிறு வழியே இடுப்புக்கு அலை ஒன்று இறங்குவது போன்ற நெளிவு அத்தகையது. அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. உடல் முழுவதும் ஒரே தண்டாக நின்று வளைகிறது. வேறு சில அசைவுகளில் இருபுறமும் தாமாகவே பங்கு கொள்கின்றன. ஆங்கில எண் எட்டைப் படுக்க வைத்தாற்போல இடுப்பு சுழன்று வருவதில், வலப்புற வளையம் முடியுமிடத்தில் இடப்புற வளையம் தொடங்குகிறது. முழங்கால்களை மாறி மாறி விரைவாக இயக்குவதால் இடுப்பு முழுவதும் அதிரும் நடுக்கமும் இவ்வகையினதே. இடம் இல்லாமல் வலம் அங்கே நிகழவே முடியாது.

மூன்றாம் வகைதான் நம் ஆசிரியையின் கண்ணை உறுத்தியது. ஒரு காலிலே உடலின் பாரம் முழுவதையும் நிறுத்தி, மற்றக் காலின் குதியை உயர்த்தி விரல்நுனியால் நிலத்தைத் தொட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து இடுப்பை மேலே தூக்கிப் "பொத்" என்று கீழே விடுவது. எகிப்திய ஆடலின் உயிர்நாடி இது எனலாம். இவ்வசைவு தன் இயல்பாலேயே ஒருபுறத்தது. பாரம் தாங்கும் கால் அசையாமல் இருந்தால்தான் மறுபுற இடுப்புக்கு விடுதலை கிடைக்கும். பக்கத்தை மாற்ற வேண்டுமாயின் பாரத்தை மாற்ற வேண்டும். குதியை இறக்கி மற்றக் குதியை ஏற்ற வேண்டும். அதற்கு ஓர் அரை மாத்திரையேனும் செலவாகும். முரசின் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு விடை சொல்லிக்கொண்டிருக்கையில், சமநிலையின் பொருட்டுப் பக்கம் மாற்றப் புகுந்தால் அந்த உரையாடல் நடுவிலே அறுந்துபோகும்.

முரசைப் பற்றிச் சொல்லாமல் இதனை மேலும் விளக்க இயலாது. எகிப்தியர் தங்கள் கிண்ணவடிவ முரசைத் "தபலா" என்பர். நமக்குத் தெரிந்த இந்துஸ்தானித் தபேலா அன்று. ஒருமுகம் உடையது, மடியிலே சாய்த்து வாசிப்பது, வேறிடங்களில் "தர்புக்கா" எனப் பெயர் பெறுவது. நடுவிலே அடித்தால் எழும் கனத்த ஒலியைத் "தும்" என்றும் விளிம்பில் எழும் மெல்லிய ஒலியைத் "தெக்" என்றும் சொல்வர். மிகப் பரவலாக வழங்கும் தாளம் "மக்சூம்". எட்டுக் கூறுகள் கொண்ட ஒரு வட்டத்தில் அது, "தும் தெக், வெற்று, தெக், தும், வெற்று, தெக், வெற்று" என்று நடக்கும். முற்பாதியும் பிற்பாதியும் நீளத்தில் ஒன்றே, ஆனால் நிறைவில் ஒன்றல்ல. முற்பாதியில் மூன்று அடிகள் நெருங்கி நிற்கின்றன. பிற்பாதியில் இரண்டு அடிகள் விலகி நிற்கின்றன. ஒரு பாதி கேள்வி, மறு பாதி விடை என்றாற்போல. மேல் எகிப்தின் "சயீதி" தாளமோ நடுவிலே இரண்டு "தும்" ஒலிகளை அடுத்தடுத்து வைத்து, கனத்தை வட்டத்தின் இடைப்பகுதிக்குக் கொண்டுவந்துவிடும். தாளமே இவ்வாறு இரு சமக் கூறாகப் பிளவுபட மறுக்கும்போது, அதனை உடலால் எழுதிக்காட்டும் ஆடுநர் மட்டும் வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்று எனக் கணக்குப் பார்ப்பது எங்ஙனம்?

சயீதித் தாளத்துக்கு ஆடும்போது பெண்கள் கையிலே கோல் ஒன்று ஏந்துவதுண்டு. மேல் எகிப்தின் ஆடவர் விளையாட்டாகிய "தஹ்தீப்" என்னும் கோலாட்டத்திலிருந்து வந்தது அது. தஹ்தீப் 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. ஆடவரின் போர் விளையாட்டைப் பெண்கள் சற்றே கேலியாகவும் சற்றே பெருமிதமாகவும் ஆடிக்காட்டுகின்றனர். கோல் ஒரு கையில் இருக்கும். அந்தக் கணத்திலேயே இடமும் வலமும் வேறு வேறு தொழில் பெற்றுவிடுகின்றன.

இப்பொழுது ஒரு வினா எழும். இவ்வாறாயின் எகிப்திய ஆடலில் இருபுறச் சமநிலை என்பதே இல்லையா? உண்டு. அது பின்னர் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த காலத்தையும் இடத்தையும்கூட ஓரளவு சுட்டிக்காட்டலாம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் வீதிகளிலும் மணவிழாக்களிலும் ஆடியோர் "கவாசி" எனப்பட்டனர். கல்வியும் இசையும் கவிதையும் கைவந்து, பெருமனைகளின் மகளிர் பகுதியிற் பாடியோர் "அவாலிம்" எனப்பட்டனர். 1834ஆம் ஆண்டு எகிப்தின் ஆட்சியாளராகிய முகம்மது அலி பாஷா, பொதுவிடங்களில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து விலக்கி, தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் ஆகிய ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் ஆடிய களத்தை எண்ணிப் பாருங்கள். முற்றம், சுற்றிலும் மக்கள். அங்கே முன்புறம் என ஒன்று இல்லை. ஒருவருக்கு வலமாகத் தோன்றுவது எதிரே இருப்பவருக்கு இடமாகத் தோன்றும். வட்டத்தின் நடுவே நின்று ஆடுபவர் மெல்லத் திரும்பினாலே போதும், ஒவ்வொருவருக்கும் எல்லாப் பக்கமும் கிடைத்துவிடும். இருபுறச் சமநிலைக்கு அங்கே தேவை எழவில்லை.

1926ஆம் ஆண்டில் பதீயா மசாப்னி என்னும் சிரியப் பெண்மணி கெய்ரோவின் இமாதுத்தீன் தெருவிலே ஓர் ஆடரங்கைத் திறந்தார். ஐரோப்பிய முறையிலான மேடை, பல கருவிகள் சேர்ந்த இசைக்குழு, பின்னணியில் அணிவகுத்து நிற்கும் துணையாடுநர், முன்கூட்டியே வகுத்த அசைவொழுங்கு எல்லாம் அங்கே வந்தன. மேடைக்கு முன்புறம் ஒன்றே. பார்வையாளர் யாவரும் ஒரு திக்கிலிருந்து பார்க்கின்றனர். அப்பொழுது நடு எது, ஓரம் எது என்ற கேள்வி முதன்முறையாக உயிர் பெறுகிறது. இடப்புறத்தில் மூவர் நின்றால் வலப்புறத்திலும் மூவர் நிற்க வேண்டியதாகிறது. இரு கைகளும் தோளுயரத்தில் ஒத்து விரிகின்றன. பின்னர்த் திரைப்படக் கமரா வந்தபோது இந்த ஒருமுகப் பார்வை இன்னும் இறுகியது. சமச்சீர் என்பது ஆடுபவரின் உடலிலிருந்து தோன்றியதைவிட, பார்ப்பவர் அமர்ந்த இடத்திலிருந்து தோன்றியது என்பதே எனது துணிபு.

பதீயாவின் அரங்கிலிருந்து புறப்பட்ட இருவர் இந்த உண்மைக்கு இருவேறு சாட்சிகளாக நிற்கின்றனர். ஒருவர் தஹியா கரியோக்கா. மற்றவர் சாமியா கமால்.

தஹியா கரியோக்கா ஓரிடத்தில் நின்று ஆடுபவர். அரங்கின் அகலம் அவருக்கு வேண்டியதில்லை. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். பாரத்தை ஒரு காலில் இறக்கி, கைகளைத் தாழ விட்டு, முகத்திலே ஒரு மெல்லிய குறுநகையோடு, இடுப்பின் ஒருபுறத்தாலேயே முழு இசைத்தொடரையும் பேசி முடிப்பார். பேரறிஞர் எட்வர்ட் சயீத் பள்ளிச் சிறுவனாகக் கெய்ரோவில் அவர் ஆடலை நேரிற் கண்டவர்; 1990இல் அவரைப் பற்றி ஒரு பாராட்டுக் கட்டுரையும் எழுதினார். அவரது கலையின் ஆற்றல் அசைவின் மிகுதியில் அன்று, அசைவின் சுருக்கத்திலேதான் உள்ளது என்பது அக்கட்டுரையின் கருத்துகளுள் ஒன்று. தஹியா வெறும் ஆடுநர் மட்டும் அல்லர். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர், 1950களில் அரசியற் காரணத்தாற் சிறையும் கண்டவர். 1999இல் மறைந்தார்.

சாமியா கமால் முற்றிலும் வேறு. பாலே நடனத்தின் நிமிர்வும் நீண்ட கைகளும் கொண்டவர். கையில் மெல்லிய துகிலை விரித்தபடி விரைந்து நுழைவார். மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவார். போன வழியே மீள்வார். வலத்திலே ஒரு சுழற்சி நிகழ்ந்தால் இடத்தில் அதற்கொரு மறுமொழி பெரும்பாலும் கிடைக்கும். பரீத் அல் அத்ரஷ் இசையமைத்துப் பாடி நடித்த படங்களில், 1949இல் வெளியான "அப்ரீதா ஹானிம்" போன்றவற்றில், இதனைக் காணலாம். ஒரே அரங்கில், ஒரே காலத்தில், ஒரே ஆசானிடம் வளர்ந்த இருவரில் ஒருவர் மேடையைத் தமக்குள் சுருக்கினார். மற்றவர் தம்மை மேடையெங்கும் விரித்தார். எங்கள் நடன ஆசிரியைக்குச் சாமியாவை உடனே பிடித்துவிட்டது. எனக்கும் முதல் நாள் அவரையே பிடித்தது. மூன்றாம் முறை பார்த்தபோதுதான் தஹியாவிடமிருந்து கண்ணை எடுக்க முடியாமற் போயிற்று. அந்தக் குறுநகைக்கு அதில் எவ்வளவு பங்கு என்று என்னால் இன்றும் கணிக்க இயலவில்லை.

சமச்சீரை மேலும் முன்னெடுத்தவர் மஹ்மூது ரேடா. உடற்பயிற்சி விளையாட்டுகளில் வல்லவரான இவர் 1959இல் தம் பெயரால் ஒரு நாட்டாராடற் குழுவை அமைத்தார். எகிப்தின் ஊர்தோறும் சென்று மக்கள் ஆடுவதைக் கண்டு, அதனை மேடைக்கேற்றவாறு வரிசைகளாகவும் கோலங்களாகவும் வகுத்தார். ஊரிலே ஒருவர் தம் விருப்பப்படி ஒருபுறம் சாய்ந்து ஆடியது, மேடையிலே இருபது பேர் ஒரே கணத்தில் வலமும் இடமுமாக மாறும் அணியாட்டமாயிற்று. ஊராட்டத்தின் நெகிழ்ச்சி இதில் ஓரளவு குறைந்தது உண்மையே. ஆயினும், தம் மகளிர் மேடையேறி ஆடுவதை இழிவாக எண்ணிய குடும்பங்கள் பலவற்றுக்கு, இது நம் நாட்டுக் கலை என்ற மதிப்பை ஊட்டியதும் இக்குழுவே. ஒழுங்கான வரிசை பார்ப்பவர் மனத்தில் நாணத்தைக் குறைக்கிறது போலும். பாடசாலை நடத்துபவனாகிய எனக்கு இது நன்றாக விளங்குகிறது. காலைக் கூட்டத்தில் வரிசை நேராக நின்றால், பிள்ளைகள் ஒழுக்கமுடையோர் என்று நாமும் எளிதில் முடிவு செய்துவிடுகிறோமல்லவா?

இனித் துருக்கிக்கு வருவோம். அங்கே இவ்வாடலை "ஓரியந்தல்" என்பர். எகிப்திய ஆடல் பாரத்தை நிலத்தை நோக்கி இறக்கிவைத்து, அடக்கமாக, உள்நோக்கி நடப்பது. துருக்கிய ஆடல் துள்ளலானது. விரல்களில் சிறு வெண்கலத் தாளங்களை அணிந்து தாமே ஒலித்துக்கொண்டு ஆடும் வழக்கம் அங்கே இன்னும் வலுவாக உண்டு. துருக்கியர் அவற்றைச் "சில்" என்றும் எகிப்தியர் "சகாத்" என்றும் சொல்வர். நிலத்திலே மண்டியிட்டும் மல்லாந்து வளைந்தும் ஆடும் பகுதிகளும் துருக்கியில் மிகுதி.

ஆனால் நமது கேள்விக்குத் துருக்கி தரும் விடை இவற்றில் இல்லை, ஒன்பதில் இருக்கிறது. அந்நாட்டு ரோமா மக்களின் ஆடல் ஒன்பது மாத்திரைத் தாளத்தில் அமைவது. ஓரியந்தல் ஆடுவோரும் தம் நிகழ்ச்சியில் அதனைச் சேர்த்துக்கொள்வர். நமது சங்கீர்ணத்தையும் ஒன்பது என்றே எண்ணுகிறோம். நாம் பெரும்பாலும் நான்கும் ஐந்துமாகச் சொற்கட்டில் அதனைப் பிரிப்போம். அவர்களோ இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரிக்கின்றனர். ஆக நான்கு அடிகள். அவற்றுள் கடைசி அடி மட்டும் நீளமானது. இப்பொழுது காலை மாற்றி மாற்றி வைத்து நடந்து பாருங்கள். வலம், இடம், வலம், பின்னர் இடம் நீட்டி. மறுபடியும் வலம், இடம், வலம், இடம் நீட்டி. நூறு வட்டம் நடந்தாலும் நீண்ட அடி இடக்காலிலேயே விழும். நான்கு என்பது இரட்டைப்படை எண் ஆதலால் இதிலிருந்து தப்ப வழியில்லை. இடையிலே ஒரு துள்ளலோ இரட்டை மிதியோ சேர்த்தாலன்றி மறு காலுக்கு அந்த நீட்சி கிட்டாது. இங்கே ஒருபுறச் சாய்வு ஆடுபவரின் கவனக்குறைவும் அன்று, பழக்கமும் அன்று. எண்ணின் கட்டளை அது. அந்த நீண்ட அடியிலேதான் ரோமாப் பெண்கள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவதும், கைமுட்டியை வயிற்றருகே கொண்டுவந்து குறும்பாகச் சைகை காட்டுவதும் நிகழும். தாளத்தின் கோணலிலே ஆடலின் சுவை குடியிருக்கிறது.

இஸ்தான்புல் நகரிலே இத்தகைய இசைஞரும் ஆடுநரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுலுகுலே என்னும் குடியிருப்பு, நகரப் புதுப்பிப்பு என்ற பெயரால் 2000களின் பிற்பகுதியில் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கிருந்தோர் நகரின் பிற பகுதிகளுக்குச் சிதறினர். ஆடல் வகுப்புகளிலே அந்த ஒன்பது மாத்திரையை இன்று உலகெங்கும் கற்பிக்கின்றனர். அதனை வீட்டுத் திண்ணையிற் கற்றவர்களுக்கோ திண்ணை இல்லாமற் போய்விட்டது.

லெபனானின் பாணியை எகிப்துக்கும் துருக்கிக்கும் இடைப்பட்டது என்று பலர் சொல்வர். அலெக்சாந்திரியாவிற் பிறந்து பெய்ரூட்டிற் புகழ்பெற்ற நாதியா கமால், 1960களில் பால்பெக் பெருவிழா மேடையேறி இவ்வாடலுக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தார். அகன்ற அடிகளும் திடீர்த் திருப்பங்களும் அப்பாணியின் அடையாளம். இதற்கு மேல் லெபனானைப் பற்றி இன்று விரித்துரைக்க நேரமில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு மாற்றம் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. 1987ஆம் ஆண்டில் கரோலீனா நெரிச்சியோ என்னும் ஆசிரியை சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு குழுவை அமைத்தார். "அமெரிக்கப் பழங்குடிப் பாணி" என்ற பெயரால் அது பரவிற்று. எந்த நாட்டுப் பழங்குடியின் பாணியும் அன்று அது. பல நாடுகளின் அசைவுகளையும் அணிகளையும் கலந்து புதிதாக ஆக்கியது. பெயர் பொருத்தமற்றது என்பதை உணர்ந்து 2020இல் நிறுவியவரே அதனைக் கைவிட்டார். இப்பாணியிலே முன்கூட்டி வகுத்த ஆடல் இல்லை. பலர் சேர்ந்து அந்தக் கணத்திலேயே ஒன்றுபோல ஆடுகின்றனர். முன்னே நிற்பவர் தரும் சிறு குறிப்பைப் பின்னே நிற்பவர் கண்டு தொடர வேண்டும். அதற்காக எல்லோரும் சற்று இடப்புறம் திரும்பி, தலைவி இடப்புற முன்மூலையில் நிற்க, மற்றவர் சாய்கோட்டில் பின்னே நிற்பர். அவ்வாறு நிற்கையில் அவர்களின் வலப்புறமே அவையோரை நோக்கி அமையும். ஆகவே அசைவுகளிற் பெரும்பாலானவை வல இடுப்பாலும் வலக் கையாலும் தொடங்கி நிகழுமாறு வகுக்கப்பட்டன. குழு முழுவதும் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தனித்தனி உடல்கள் யாவும் ஒருபுறச் சாய்வை ஏற்றுக்கொள்கின்றன. கூட்டத்தின் சமச்சீருக்கு ஆளின் சமச்சீர் விலையாகிறது.

இதற்கு மாறான எச்சரிக்கையும் உண்டு. அதனையும் மறைத்தல் ஆகாது. ஒரே இடுப்பை ஆண்டுக்கணக்கில் உழைக்க வைத்தால், பாரம் தாங்கும் காலின் முழங்காலுக்கும் முதுகின் கீழ்ப்பகுதிக்கும் தீங்கு நேரக்கூடும். ஆதலால் இன்று பயிற்சிக் கூடங்களிலே எதனையும் இருபுறமும் சமமாகப் பழக்கும் ஆசிரியர் பலர். பயிற்சிக்கு அது நல்ல விதியே. பயிற்சியின் விதியை ஆடலின் அழகுக்கும் விதியாக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. உரத்துப் படித்துப் பழகினால் நா திருந்தும்; அதற்காகக் காதற் கடிதத்தையும் உரத்தா படிப்பது?

இன்னொன்று. இசுலாமியக் கட்டடக் கலையின் கோலங்கள் கணக்குத் தவறாத சமச்சீர் உடையன, ஆகவே அம்மக்களின் ஆடலும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. கேட்க இனிமையான வாதம். ஆனால் சுவரிலே பதித்த ஓடு முரசொலி கேட்டுத் திரும்புவதில்லை. ஒரு நாட்டின் கலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி தேடும் ஆசை வரலாறு படித்தவர்களுக்கு எளிதில் வரும். எனக்கும் வந்தது, சில வாரங்கள் அதனோடு வீணாகவும் கழிந்தன.

மாணவி அதே பொருளிலேயே கட்டுரை எழுதினாள். அனுமதி மறுத்தது என் பிழை என்று அவளிடம் சொன்னேன். அதிபர் ஒருவர் மாணவியிடம் அவ்வாறு சொல்வது எங்கள் பாடசாலையில் வழக்கமில்லையாதலால், அவள் என்ன விடை சொல்வதென்று தெரியாமல் நின்றாள். அவள் தாயார் மட்டும் ஒரு நாள் வந்து, "இப்பிடியான ஆட்டத்தைப் பற்றி எழுதினால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கெட்ட பேர் வந்திடாதோ, சேர்?" என்று கவலையோடு கேட்டுப் போனார். அந்தக் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. சில மாதங்களுக்கு முன் என் மேசைக்குப் பின்னால் இருந்து நானே கூறியதைத்தான் அவரும் கூறினார். அவரை அமரச் செய்து தஹியா கரியோக்காவின் ஆடற்பகுதி ஒன்றைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "இந்த மனுசி இடத்தை விட்டு அசையவே இல்லையே" என்றார். கட்டுரையைப் பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அம்மாணவி துருக்கியரின் ஒன்பது மாத்திரையைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கால் என்று குறித்திருந்தாள். நீண்ட அடியை வலக்காலுக்குக் கொண்டுவர எத்தனை வட்டத்துக்கு ஒருமுறை துள்ள வேண்டும் என்ற கேள்வியையும் எழுதி, விடையை வெறுமையாக விட்டிருந்தாள். நடன ஆசிரியை அக்கேள்வியைப் படித்துவிட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என் அறையின் சீமெந்துத் தரையிலே காலை வைத்து எண்ணத் தொடங்கினார்.